பெரிய ஆக்களுக்கான நப்கின்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். கடிதம் எழுத இருந்தால்கூட ‘நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறோம்’ என்பதற்கு மேல் எனக்குக் கை ஓடாது. அதிலும் நான் எழுதப்போகிற சங்கதி நாலு பேர் நடுவில் கதைக்கிற சங்கதி இல்லை. உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதை வாசிக்கிறேன். ஒருவர் கடலில் விழுந்து தப்பியிருக்கிறார், இன்னொருவருக்கு முன்பின் தெரியாத ஆள் இரத்தம் கொடுத்திருக்கிறார். அவற்றுக்குப் பக்கத்தில் இதையும் வைக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேர் போடத் தேவையில்லை என்று கண்ட பிறகுதான் துணிந்தேன்.

இது நடந்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம், யாழ்ப்பாணத்து உரும்பிராயில், எங்கள் வீட்டு முற்றத்தில். அன்றைக்கு எங்களுடைய ஒரே மகளுக்குக் கலியாணம்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குச் சலம், அதுதான் சிறுநீர், போகாமல் அடைத்து ஒப்பரேசன் செய்தார்கள். ஒப்பரேசன் நல்லபடியாகத்தான் முடிந்தது. சிலருக்கு அதன் பிறகு கட்டுப்பாடு இல்லாமல் போகும் என்று டொக்ரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்தச் சிலருக்குள் இவரும் விழுந்துவிட்டார். இருமினால் போகும். தும்மினால் போகும். கதிரையை விட்டு எழும்பினால் போகும். யாராவது பகிடி சொன்னால் சிரிக்கவும் பயம்.

இவர் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற மனிசன். நல்ல உரத்த குரல். சந்தியில் நின்று கதைத்தால் எங்கள் ஒழுங்கைக்குள், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒப்பரேசனுக்குப் பிறகு தோட்டமும் வீடும்தான். கோயிலுக்குப் போவதில்லை, செத்தவீட்டுக்குப் போவதில்லை, சந்திக்குப் போவதே இல்லை. யாராவது தேடி வந்தால் ‘அவருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிர்த்த ஏலாது’ என்று நான் படலையடியில் நின்று சொல்லி அனுப்புவேன். எங்கள் ஊரில் இவரைப்போல நீளமாக நாரிப்பிடிப்பு வந்த ஆள் வேறு யாரும் இருக்க முடியாது.

இந்த வருத்தத்துக்கென்று வெளிநாட்டில் செய்கிற சாமான்கள் உண்டு. அவற்றோடு நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் வந்தது இலண்டனில் இருக்கிற என் தங்கச்சி அனுப்பியது. அப்போது சண்டையால் கொழும்புப் பாதை பூட்டுப்படாமல் திறந்திருந்த காலம். நீளமான பஞ்சுப் பட்டி ஒன்று. அதன் இரண்டு பக்கமும் இலாஸ்ரிக் நாடா கொழுவி, நாடாவின் நுனியில் பட்டன் போட வேண்டும். இவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இது கோவணமெல்லே! வெள்ளைக்காரன் கோவணத்துக்குப் பட்டன் வைச்சு எங்களுக்கே விக்கிறான்.”

ஒப்பரேசனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே சாறம் நனைந்தது. பட்டியும் சரிவரவில்லை. நடக்க நடக்க ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் எதற்குக் கட்டினோமோ அந்த வேலை நடக்காது. பட்டன் வேட்டி முடிச்சுக்குள் போய்ச் சிக்கும். வேட்டி கட்டுகிற மனிசனை ஒருநாளும் காணாதவன் யோசித்துச் செய்த சாமான் அது. விலையைத் தங்கச்சியிடம் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். ஒரு பக்கற்றின் காசுக்கு எங்கள் வீட்டில் ஒரு மாதம் சோறு பொங்கலாம். பக்கற்றோ ஒரு கிழமைக்குக்கூட நின்றுபிடிக்காது.

அடுத்தது வேறு வடிவம். பாதை பூட்டிய பிறகு கொழும்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்தது. குழந்தைக்குக் கட்டுவது போல இடுப்பைச் சுற்றி வருகிற சாமான். வெளிப்பக்கம் முழுக்கப் பொலித்தீன், பக்கத்தில் ஒட்டுகிற நாடா. ‘இப்ப புதுசாத் திருத்தி விட்டிருக்கிறாங்கள், ஒழுகவே ஒழுகாது’ என்று சொல்லித் தந்தார். ஒழுகவில்லைதான். ஆனால் சத்தம். இவர் விறாந்தையில் நடந்தால் காவோலை, காய்ந்த பனையோலை, இழுக்கிற மாதிரிச் சரசரவென்று கேட்கும். வீட்டுப் பூனை எழும்பி ஓடியது. ஒட்டுகிற நாடாவை ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான். கழற்றினால் பொலித்தீனோடு கிழிந்து வரும். இடையில் மனிசன் எழும்பிக் கக்கூசுக்குப் போனால் அந்த ஒன்று அதோடு சரி, வீண். அவ்வளவு காசையும் கொட்டிச் செய்கிறவர்களுக்கு, இதைக் கட்டுகிறவன் கக்கூசுக்கும் போவான் என்று யோசனை வராதோ? பாவித்ததை எரித்தால் ஊரெல்லாம் நாற்றம், புதைத்தால் நாய் கிண்டும். ஒருநாள் நாய் ஒன்று அதை இழுத்துக்கொண்டுபோய் ஒழுங்கை முகப்பில் போட்டுவிட்டது. விடிய எழும்பி ஆள்நடமாட்டம் தொடங்க முன்னம் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தேன்.

அதுவும் முடிந்த பிறகு பழைய வேட்டித் துண்டும் சாறத் துண்டும்தான். அவற்றைத் தோய்க்கச் சவுக்காரம் வேண்டும். சாமான்களுக்குத் தடை போட்டிருந்ததால் ஒரு கட்டிச் சோப்கூட, சவுக்காரம் அப்போது தங்கம். எல்லோரும் பனம்பழத்தைப் பிசைந்து அதில் உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும், மஞ்சள் நிறமும் பனம்பழ வாசமும் போகாது. கொடியில் காயப் போட்டுவிட்டுத் திரும்பினால் மாடு வந்து சப்பும். ஒருநாள் எங்கள் பசு நாலு துண்டைச் சப்பித் துப்பியிருந்தது. அன்றைக்கு நான் பசுவைப் பேசிய பேச்சை இவர் கேட்டுவிட்டு, தன்னைத்தான் பேசுகிறேன் என்று நினைத்து அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு உடுவிலில் சம்பந்தம் பேசி முற்றானது. நல்ல இடம். எல்லோருக்கும் சந்தோசம். நாள் வைத்த அன்றைக்குப் பின்னேரம் இவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, தான் மணவறையில் இருக்கப் போவதில்லை, தமையனும் தமையன் பெண்சாதியும் இருந்து தாரை வார்த்துக் கொடுக்கட்டும் என்றார்.

எங்கள் முறை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கதை என்று விளங்கும். பெண்ணின் தகப்பன் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பாள். அதுதான் கொடுப்பது. தகப்பன் விலகினால் தாயும் விலகத்தான் வேண்டும். சோடியாகத்தான் இருக்க முடியும். நான் பெற்று வளர்த்த ஒரே பிள்ளையை இன்னொருத்தி தண்ணீர் வார்த்துக் கொடுக்க, நான் குசினி வாசலில் நின்று பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிற தகப்பன் ஏன் விலகினான் என்று சம்பந்தி வீட்டார் கேட்டால், நாரிப்பிடிப்பு என்றா சொல்வது?

நான் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குப் பிடித்தேன். மகள் சத்தம் கேட்டு வந்துவிட்டாள். தகப்பனுக்கு முன்னால் நின்று மெதுவாகத்தான் சொன்னாள்.

“அப்பா தராட்டி எனக்குத் தாலிகட்டு வேண்டாம். கலியாண எழுத்தோடை, பதிவோடை விடுவம்.”

இவர், ஒழுகாத சாமான் ஒன்று கிடைத்தால் இருக்கிறேன், கிடைக்காவிட்டால் என்னைக் கேட்கக் கூடாது என்றார். ஆக, எல்லாம் என் தலையில்.

யாழ்ப்பாண ரவுனுக்கு இரண்டுமுறை போனேன். இரண்டு பாமசியிலும் உள்ளே நின்றவர்கள் ஆம்பிளைகள். என்ன வேணும் அம்மா என்று கேட்டார்கள். இரண்டுமுறையும் தலையிடிக் குளிசை வாங்கிக்கொண்டு வந்தேன். தடை இருந்த அந்தக் காலத்தில் அவர்களிடம் இந்தச் சாமான் இருந்திருக்காது என்பது வேறு கதை. நான் கேட்கவே இல்லை.

அப்போது எங்கள் பக்கத்து வீட்டு மாஸ்ரர் பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போக இருந்தார். எங்கள் பக்கம் ரெலிபோன் இல்லை. கொழும்பிலிருந்துதான் வெளிநாட்டுக்குக் கதைக்கலாம். இலண்டன் தங்கச்சியிடம் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டால், யாராவது வருகிற ஆளிடம் அனுப்புவாள், மாஸ்ரர் வரும்போது கொண்டுவருவார். யோசனை நல்ல யோசனை. ஆனால் மாஸ்ரர் கலியாணம் கட்டாத மனிசன். பொம்பிளைகளோடு கதைத்தால் நிலத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். நானும் நிலத்தைப் பார்க்கிற ஆள். இரண்டு பேரும் எங்கள் படலையடியில் நின்று நிலத்தைப் பார்த்துக் கதைத்தோம்.

“மாஸ்ரர், தங்கச்சியோடை கதைச்சாச் சொல்லுங்கோ, கலியாணத்துக்குப் பெரிய ஆக்களுக்குப் பாவிக்கிற நப்கின் கொஞ்சம் அனுப்பச் சொல்லி.”

“பெரிய ஆக்களுக்கோ?”

“ஓம், பெரிய ஆக்களுக்கு.”

அவருக்கு விளங்கிவிட்டது என்று தலையாட்டினார். எனக்கும் பெரிய நிம்மதி. குழந்தைக்குக் கட்டுகிற துணியை நாங்கள் நப்கின் என்றுதானே சொல்லுவோம். பெரிய ஆக்களுக்கான நப்கின் என்றால் வேறென்ன? ஒரு கெட்ட சொல்லும் வாயில் வராமல் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. தங்கச்சிக்கு இவருடைய வருத்தம் தெரியும். ஆனால் அவளுக்கு மேலும் செலவு வைக்கக் கூடாதென்று, இப்போது அவருக்கு நல்ல சுகம் என்று போன வருடம் எழுதியிருந்தேன். அதை அந்த நேரம் மறந்துபோனேன்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாஸ்ரர் வந்து சேர்ந்தார். பாதை பூட்டியிருந்ததால் கிளாலிக்கடலால் வள்ளத்தில் வந்த மனிசன், முழங்காலுக்கு மேலே பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து, பெட்டியை ஒரு துளி நனைய விடாமல் கொண்டுவந்திருந்தார். வழியில் சோதித்த ஆமிக்காரன் பெட்டியை உடைத்துப் பார்த்து, உள்ளே இருந்து ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தானாம். நான் பெட்டியைக் கிட்ட இழுத்தேன். முகத்தைத் துடைத்தானோ?

பெட்டியைத் திறந்தேன். கடதாசி. சாப்பாட்டு மேசையில் மடித்து வைக்கிற, வாய் துடைக்கிற கடதாசி. தடிப்பான வெள்ளைக் கடதாசி, ஓரத்தில் வெள்ளிக் கரை, மூலையில் ஒவ்வொரு றோசாப்பூ. அடுக்கு அடுக்காக.

மாஸ்ரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, தங்கச்சி சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

“டொக்ரர்மார், அதிபர்மார், பெரிய ஆக்கள் இருக்கிற மேசைக்கு மட்டும் வைக்கட்டாம். விலை கூடவாம்.”

வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை கழுவுகிற சனம் நாங்கள். எங்கள் கலியாணத்துக்கு எந்தப் பெரிய ஆள் வந்து மேசையில் இருந்து வாய் துடைக்கப் போகிறார்? தங்கச்சிக்கு அது தெரியாதோ? மாஸ்ரருக்காவது தெரியாதோ? சவுக்காரத்துக்கு வழியில்லாத ஊருக்கு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற வள்ளத்தில், றோசாப்பூக் கடதாசி. எனக்கு வந்த கோபத்தை யாரில் போடுவது என்று தெரியவில்லை. மாஸ்ரருக்கு உபகாரம் சொல்லி, பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். ஒரு பூவும் கசங்கவில்லை என்று அவர் இரண்டுமுறை சொல்லிவிட்டுப் போனார்.

இவர் அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வந்து ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார்.

“உதை எங்கை கட்டுறது? கழுத்திலையோ?”

நான் அழத் தொடங்கிவிட்டேன். இவர் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தமையனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியாது. கையில் வேறு ஒன்றும் இல்லை.

இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய பொலித்தீன் சாமானில் இரண்டை ஆபத்துக்கென்று அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். சத்தம் போட்டாலும் பரவாயில்லை, மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று அடுத்தநாள் அதை எடுத்துப் பார்த்தால், ஒட்டுகிற நாடாவில் பசை செத்துப்போய்க் கிடந்தது. ஒட்டவே மாட்டேன் என்றது. எனக்கு விசர் வந்துவிட்டது. கத்திரிக்கோலை எடுத்து அதை நடுவால் வெட்டினேன். உள்ளே நான் பஞ்சு என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தது பஞ்சே இல்லை. கூழாக்கிக் காயவைத்த கடதாசி மாதிரி ஒரு சாமான். விரலால் தேய்த்தால் துகள் துகளாக உதிர்ந்தது. ஒரு மாதச் சோற்றுக் காசைக் கொடுத்து வாங்கினது கடதாசியோ என்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி நிலத்தில் இருந்தேன்.

பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன். அதிலும் கடதாசி. தடிப்பான கடதாசி.

முதலில் தலையணையிலிருந்து இலவம் பஞ்சை எடுத்துத் துணிக்குள் வைத்து, ஒரு சுண்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சேம்பிலையில் விட்ட மாதிரித் தண்ணீர் உருண்டு வெளியே வந்தது. இலவம் பஞ்சு தண்ணீரைக் கிட்டவும் எடுக்காது என்று அன்றைக்குத்தான் படித்தேன். அடுத்ததாக றோசாப்பூக் கடதாசிகளை அடுக்கி வைத்து ஊற்றினேன். முழுவதையும் குடித்துவிட்டு ஒரு சொட்டும் விடவில்லை. வெட்டின சாமானின் பொலித்தீனை அடியில் வைத்து, மேலே கடதாசி, அதைச் சுற்றி நல்ல மெல்லிய பருத்தித் துணி. கை மெசினில் நெருக்கமாகத் தைத்தேன். வடிவம் என்று கேட்டால் கோவணம்தான். அரைநாண் கயிற்றில் முன்னும் பின்னும் கொழுவிக் கட்டினால் ஒதுங்காது, சத்தமும் இல்லை, வேட்டிக்கு வெளியே தெரியாது. மற்றதையும் வெட்டி நாலைந்து தைத்து வைத்தேன்.

அறைக் கதவைப் பூட்டி, இவரைப் பலகையில் சம்மணமாய்ச் சப்பாணி கட்டி இருத்தினேன். இருமச் சொன்னேன். இருமினார். இன்னும் பலமாக இருமச் சொன்னேன். வெளியே நின்ற மகள் கதவைத் தட்டி, அப்பாவுக்குத் தடிமனோ, கொத்தமல்லி அவிக்கட்டோ என்று கேட்டாள். கொஞ்ச நேரம் இருமி, எழும்பி, குந்தி, திரும்ப இருந்து பார்த்தோம். பலகை காய்ந்திருந்தது.

ஒரு மணித்தியாலம் தாங்கும் என்று இவர் கணக்குப் போட்டார். அதற்குள் ஐயர் முடிக்க வேண்டும், நீர் ஐயரிடம் சொல்லிவையும் என்றார். நான் ஐயரிடம் என்னவென்று சொல்வது? சொல்லவில்லை.

கலியாணத்தன்று குண்டு போடுகிற பொம்மர் மேலே சுற்றியதால் மாப்பிள்ளை வீட்டார் வழியில் ஒதுங்கி நின்று பிந்தித்தான் வந்தார்கள். அதுவரைக்கும் இவர் பட்டுவேட்டியோடு வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டார். உள்ளே கூட்டிப்போய், கட்டினதை மாற்றிவிட நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்துவைத்து, நாரி எப்படி, நாரி எப்படி என்று கேட்டார்கள். மணவறையில் இருந்த பிறகு மாப்பிள்ளையின் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சடங்கில் ஒன்றும் குறைக்கக் கூடாது, எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்று ஐயருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐயரும் குறைக்கவில்லை. ஈர விறகு ஓமத்தில் புகைந்தது. புகை நேரே இவரின் முகத்துக்கு வந்தது. இவர் இருமலை அடக்கிப் பார்த்தார். பிறகு இருமினார். அடக்கினதெல்லாம் சேர்ந்து விட்டுவிட்டு இருமினார்.

நான் பக்கத்தில் தாரைச் செம்போடு இருந்தேன். செம்பு வாய்முட்டத் தண்ணீர். இவரின் முகத்தைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பாமல், உதடு மட்டும் அசைய,

“போயிட்டுது,” என்றார்.

பட்டுவேட்டியில் மடிப்பக்கம் நிறம் மாறிக்கொண்டு வந்தது. வெளிறின பட்டு, ஒரு சொட்டு விழுந்தாலே காட்டிக்கொடுக்கும். அந்த நேரம் பார்த்து ஐயர், பொம்பிளையின் தாய் தகப்பன் எழும்பி முன்னுக்கு வாங்கோ என்றார். மகள் கையை நீட்டித் தயாராக நின்றாள். இவர் எழும்பவில்லை. ஐயர் திரும்பவும் கூப்பிட்டார். மேளகாரர் கெட்டிமேளத்துக்குக் காத்திருந்ததால் முற்றம் முழுக்க அமைதி. முன்வரிசையில் இவரின் தமையன் சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். தம்பிக்கு நாரி ஏலாது, நான் வாறன் என்று அவர் வாயைத் திறந்தது எனக்குத் தெரிந்தது. மகள் தகப்பனைப் பார்த்தாள்.

நான் செம்பை இவரின் மடியில் கவிட்டேன்.

முழுச் செம்பும். ஒரு துளி மிச்சமில்லை. பட்டுவேட்டி, பலகை, பூமாலை எல்லாம் ஒரே தண்ணீர். பெண்கள் பக்கத்தில் ‘ஐயோ’ என்று ஒரு சத்தம் எழும்பியது. இவரின் தமக்கை, அதாவது என் மச்சாள், மணவறைக்கே வந்துவிட்டார்.

“ஒரு செம்பைப் பிடிக்கத் தெரியேல்லை. மூண்டு மாடு கறக்கிற கை! நல்ல நாள் பெருநாளிலை என்ன சகுனமடி இது?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது எனக்குப் பழகின வேலை. ஐயர்தான் கையைக் காட்டி மச்சாளை நிற்பாட்டினார். நல்ல மனிசன். அவருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியாது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“தண்ணிதானேயம்மா. கங்கை எண்டு நினையுங்கோ. மற்றச் செம்பைத் தாங்கோ.”

இவர் எழும்பினார். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நின்றார். எந்தத் தண்ணீர் எதுவென்று இனி யாராலும் பிரிக்க முடியாது. வேட்டியை ஒருமுறை பிழிந்து விட்டுக்கொண்டு, தன்னுடைய பழைய உரத்த குரலில், “மேளத்தை வாசிக்கச் சொல்லுங்கோ,” என்றார். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் இரண்டாவது செம்பிலிருந்து அளவாக வார்த்தேன்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அறைக்குள் இவருக்கு வேட்டி மாற்றக் கொடுத்தேன். ஈரத் துணியைக் கழற்றிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி கேட்டார்.

“உமக்குக் கை தவறினதே?”

“ஓம்,” என்றேன்.

“பாத்துப் பிடிச்சிருக்கலாம். பட்டுவேட்டி.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மற்றச் செம்பையும் எடுத்து இவரின் தலையில் போட்டிருப்பேன். இவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் உண்மை சொல்ல வேண்டும், நானும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்துக்குள் எனக்கு ஒரு பட்டம் நிலைத்துவிட்டது. மகளின் கலியாணத்தில் தாரைச் செம்பைக் கவிட்டவள். எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் மச்சாள் என் கையிலிருந்து செம்பு, குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு எல்லாவற்றையும் வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார். மகளுக்கு முதல் பிள்ளை பிறக்கக் கொஞ்சம் பிந்தியதற்கும் அந்தச் செம்புதான் காரணம் என்றார்கள். பிள்ளை பிறந்த பிறகு அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி இலண்டனிலிருந்து கடிதம் எழுதி, பெரிய ஆக்களுக்கு நப்கின் பிடித்துக்கொண்டதா என்று கேட்டாள். நல்லாய்ப் பிடித்தது என்று பதில் போட்டேன்.

இப்போது இன்னும் புதிய வடிவம் வந்திருக்கிறதாம். வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்த ஒருவர் காட்டினார். முந்தியதைவிட மெல்லியது, சத்தம் இல்லை, நாடாவைக் கழற்றித் திரும்பவும் ஒட்டலாம், நனைந்தால் வெளியே ஒரு கோடு நிறம் மாறும். நனைந்ததைக் கண்டுபிடிக்கக் கோடு வேண்டுமாம். கட்டியிருக்கிறவனுக்குத் தெரியாதோ? விலை முந்தியதைவிட இன்னும் கூட. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பாமசிக்காரனிடம் ஒரு சொல்லுச் சொல்லக் கூசி இரண்டுமுறை தலையிடிக் குளிசையோடு திரும்பி வந்த நான், ஊரே பார்த்திருக்க அந்தச் செம்பைக் கவிட்டேன் என்பதை நினைக்கும்போது, எனக்குள் எனக்கே தெரியாத ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று இன்றைக்கும் கொஞ்சம் பயமாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கிறது.

மறுநாள் வாடகைக் கதிரைகளை வண்டிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினோம். இவரும் வண்டிலோடு சந்தி வரைக்கும் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.